புல் வெட்டும் எந்திரம்: விலைக்கு முன் காப்பைக் கேளுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வரப்பிலும் தென்னந்தோப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் புல் இடுப்பளவு வளர்ந்துவிடுகிறது. அதை அரிவாள் கொண்டு அறுக்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. இந்தக் காரணத்தால், தோளில் மாட்டிக்கொண்டு இயக்கும் புல் வெட்டும் எந்திரம் 'பிரஷ் கட்டர்' என்ற பெயரில் சிற்றூர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. எட்டாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, முப்பதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது.

கடைக்குச் செல்லும் சிறு விவசாயி பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார். எஞ்சின் எத்தனை குதிரைத் திறன்? கடைசி விலை என்ன? இந்த வழக்கம் மாறவேண்டும். காப்புத் தகடு இருக்கிறதா, கண்ணுக்கும் காலுக்கும் என்ன காப்பு தருகிறீர்கள், உதிரி பாகம் எந்த ஊரில் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டுவிட்டு, பிறகே விலைக்கு வரவேண்டும். ஒரு கண் போனால் அதற்கு ஈடாக எந்தத் தள்ளுபடியும் ஆகாது.

வீட்டுப் புல்லுக்குப் பிறந்த கருவி

நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் கருவி 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில் உருவானது. ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழன்றுகொண்டிருந்த நைலான் தூரிகைகளைப் பார்த்து இந்த எண்ணத்தைப் பெற்றார். தகர டப்பா ஒன்றில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, சுழலும் கருவி ஒன்றில் பொருத்திப் பார்த்தார். மரத்தைச் சுற்றியுள்ள புல்லை எளிதாக வெட்டுவதே அவர் நோக்கம். அதாவது, வீட்டு முற்றத்து மென்புல்லுக்காகப் பிறந்த கருவி இது.

அதே வடிவத்தில் பெரிய எஞ்சினும் இரும்பு அலகும் ஏறிய பிறகு அதன் குணம் மாறிவிட்டது. நம் ஊர்களில் அது கருவேலங்கன்று வெட்டுகிறது, சோளத்தட்டை அறுக்கிறது, கல் நிறைந்த வரப்பில் ஓடுகிறது. வேலை கடுமையாகிவிட்டது, காப்பு மட்டும் அதே அளவுக்கு வளரவில்லை. எத்தனையோ இடங்களில் செருப்புக் காலுடன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் இதை இயக்குவதைக் காணலாம்.

வேகத்தின் கணக்கு

இந்த எந்திரத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 255 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு அலகு நிமிடத்திற்கு 7,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அதன் நுனி வினாடிக்கு சுமார் 93 மீட்டர் செல்கிறது. மணிக்கு 330 கிலோமீட்டருக்கும் அதிகம். அந்த நுனியில் ஒரு சிறு கல்லோ, கம்பித் துண்டோ, உடைந்த கண்ணாடிச் சில்லோ பட்டால் அது எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் தெறிக்கும் என்று சொல்லமுடியாது. இதனால்தான் எந்திரம் ஓடும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும், ஆடு மாடும் கூட, இருக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கையேட்டில் அச்சிடுகிறார்கள். பதினைந்து மீட்டர் என்பது சுமார் ஐம்பது அடி. அருகில் நின்று பேச்சுக் கொடுப்பதும், குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதும் இந்த எல்லைக்குள் வரவே கூடாது.

கண்ணுக்கு வரும் கேடு

தெறிப்பது கல்லாக இருந்தால் காயம் உடனே தெரியும். புல் துணுக்கோ, நெல் சுணையோ, மண்ணோ கண்ணில் விழுந்தால் விவசாயிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கருவிழியில் ஏற்படும் மயிரிழை போன்ற கீறல் வழியாகப் பூசணக் கிருமி உள்ளே புகுந்துவிடும். 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூசணம். வயல் வேலை செய்யும் நாட்டில் கருவிழிப் புண் எப்படி வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கண்ணில் துணுக்கு விழுந்தால் கசக்கக்கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடக்கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூசணப் புண் இன்னும் தீவிரமாகும். வலியோ, சிவப்போ, மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்ணில் எதுவேனும் குத்தி நின்றால் பிடுங்காமல், அழுத்தாமல், ஒரு காகிதக் குவளையால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்குக் காப்பு ஆகாது. பக்கவாட்டிலும் மூடிய, அடி தாங்கும் காப்புக் கண்ணாடி வேண்டும். அதன் மேல் முகம் முழுவதையும் மறைக்கும் வலைத்திரை இருந்தால் இன்னும் நல்லது. வலைத்திரை மட்டும் போதாது. அதன் துளை வழியே மண்ணும் சுணையும் புகும்.

எந்த வகை யாருக்கு?

வீட்டைச் சுற்றி ஐந்து பத்து சென்ட் கொல்லை மட்டும் உள்ளவர்களுக்குப் பெட்ரோல் எந்திரம் தேவையில்லை. பேட்டரியில் ஓடும் நரம்பு வெட்டி போதும். ஒரு முறை மின்னேற்றினால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேலை செய்யும். சத்தமும் அதிர்வும் குறைவு. ஆனால் மிக மலிவான பேட்டரி எந்திரங்கள் சில, காப்புத் தகடு பெயரளவில் இருக்க, சிறு இரும்பு அலகுகளுடன் விற்கப்படுகின்றன. அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஒயர் இழுத்து ஓட்டும் மின்சார எந்திரமானால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் வீட்டு இணைப்பில் இருக்கவேண்டும். ஈரப் புல்லில் அதைத் தொடவே கூடாது.

ஓர் ஏக்கருக்கு மேல் தோப்பும் வரப்பும் உள்ளவர்களுக்குப் பெட்ரோல் எந்திரம் தேவைப்படலாம். இதில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என இரு வகை உண்டு. டூ ஸ்ட்ரோக் எடை குறைந்தது, விலை மலிவானது, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்ரோலுடன் எண்ணெயைச் சரியான அளவில் கலக்கவேண்டும். புகையும் சத்தமும் அதிகம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனிப் பெட்ரோல் போதும், எரிபொருள் செலவு குறையும், நிதானமாக ஓடும். ஆனால் இந்தச் சிறு எஞ்சின்களில் இருக்கும் எண்ணெய் சுமார் 100 மில்லி மட்டுமே. நாள்தோறும் அளவு பார்க்காவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கணக்குப் பார்த்துக் கலக்கும் பழக்கம் இல்லாத வீட்டில், பலர் கைமாறி ஓட்டும் இடத்தில், ஃபோர் ஸ்ட்ரோக் எந்திரமே ஏற்றது.

தோளில் பக்கவாட்டில் தொங்கும் எந்திரம், முதுகில் சுமக்கும் எந்திரம் என்ற வேறுபாடும் உண்டு. இரும்பு அலகு பூட்டி வேலை செய்ய விரும்புவோர், சைக்கிள் கைப்பிடி போன்ற இரட்டைக் கைப்பிடியும் நேரான தண்டும் கொண்ட பக்கவாட்டு எந்திரத்தையே தேர்ந்தெடுக்கவேண்டும். அந்தக் கைப்பிடி அலகுக்கும் காலுக்கும் இடையே ஒரு தடையாக நிற்கிறது. முதுகு எந்திரத்தை ஆபத்தான நேரத்தில் சட்டென்று கழற்றி எறிவது கடினம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கடையில் பார்க்கவேண்டியவை

எந்திரத்தைக் கடை வாசலிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். முடுக்காமல் மெதுவாக ஓடும்போது தலை சுழலக்கூடாது. சுழன்றால் கிளட்ச் சரியில்லை, அல்லது எஞ்சின் மெது ஓட்டம் கூடுதலாக வைக்கப்பட்டுள்ளது. நிறுத்தும் சுவிட்ச் கட்டை விரலுக்கு எட்டவேண்டும், தட்டியதும் நிற்கவேண்டும். உள்ளங்கையால் பூட்டு நெம்பியை அழுத்தினால் அன்றி முடுக்கி இயங்காத அமைப்பு இருக்கவேண்டும். தோள் வாரில், ஒரே இழுப்பில் எந்திரம் கழன்று விழும் கொக்கி இருக்கவேண்டும். தண்டின் கீழே காப்புத் தகடு உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கவேண்டும்.

இந்தக் காப்புத் தகட்டைத்தான் வாங்கிய மறுநாளே பலர் கழற்றிவிடுகிறார்கள். புல் அடைக்கிறது, வேலை ஓடவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு கத்தி உண்டு. நைலான் நரம்பு நீண்டுவிடாமல் அளவாக நறுக்குவது அந்தக் கத்தியே. தகட்டைக் கழற்றினால் நரம்பு நீண்டு எஞ்சினுக்குச் சுமை கூடும்; கிளட்ச் சூடேறித் தேயும். தகட்டைக் கழற்றுவது காலுக்கு மட்டுமல்லாமல் எந்திரத்துக்கும் கேடு.

எந்திரத்தின் மேல் ஐ.எஸ்.ஓ. 11806 என்ற தரநிலை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். இது புல் வெட்டும் எந்திரங்களின் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தரநிலை. மத்திய அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், அரியானாவில் ஹிசாரிலும், ஆந்திரத்தில் அனந்தபூர் அருகே கார்லதின்னெயிலும், அசாமில் விஸ்வநாத் சாரியாலியிலும் உள்ளன. இத்தகைய நிலையத்தின் சோதனை அறிக்கை இந்த மாதிரிக்கு உண்டா என்று விற்பனையாளரிடம் கேட்பது விவசாயியின் உரிமை. பிறகு உதிரி பாகம். பிளக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், இழுகயிறு, கிளட்ச் ஆகிய ஐந்தும் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்காத எந்திரத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக்கூடாது.

நரம்பா, அலகா?

புல்லுக்கு நரம்பு, தடித்த தண்டுக்கு அலகு. இந்த விதியை மீறுவதில்தான் விபத்து பிறக்கிறது. நரம்பு 2 மில்லிமீட்டர், 2.4, 2.7, 3 என்று பல தடிப்புகளில் வருகிறது. கையேட்டில் சொன்னதைவிடத் தடித்ததைச் சிறு எஞ்சினில் பூட்டினால் எஞ்சின் திணறும். காய்ந்து முறியும் நரம்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது.

நைலானுக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கம்பியையோ கட்டுக் கம்பியையோ பூட்டுவது உயிருக்கு உலை வைக்கும் செயல். அறுந்த கம்பித் துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். இரும்புத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்த வெட்டுத் தலைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. சங்கிலித் துண்டு தெறித்து உயிரிழப்பு ஏற்பட்டதை அடுத்து, இவ்வகைத் தலைகளின் விற்பனையைத் தடுக்குமாறு ஐரோப்பிய ஆணையம் 2012 ஜனவரியில் உறுப்பு நாடுகளுக்கு ஆணையிட்டது. அப்படிப்பட்ட தலை இங்கே யார் விற்றாலும் வாங்கக்கூடாது.

இரும்பு அலகு பெரும்பாலான எந்திரங்களில் மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே வலமிருந்து இடமாக வீசி, அலகின் இடப்பக்கத்தால் வெட்டவேண்டும். அலகைக் கடிகார முகமாக நினைத்தால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டால் எந்திரம் சட்டென்று எதிர்த்திசையில் உதைக்கும். விரிசல் கண்ட அலகை வெல்டிங் செய்து மீண்டும் பூட்டக்கூடாது. பற்ற வைத்த அலகு எந்த நொடியிலும் உடையும்.

எரிபொருளில் கவனம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 1-க்கு 50 என்று கையேடு சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 1-க்கு 25 என்றால் 40 மில்லி. 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். குறைத்தால் பிஸ்டன் உராய்ந்து போகும். அளவுக் குவளை ஒன்று வைத்துக்கொள்வது செலவில்லாத காப்பு.

இன்று பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-ஆம் ஆண்டில் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நெடுநாள் தேங்கினால் கார்புரேட்டரில் உள்ள ரப்பர்ச் சவ்வு கெடும். எனவே வாரக்கணக்கில் எந்திரத்தை நிறுத்துவதாக இருந்தால் டாங்கியைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு வைக்கவேண்டும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்கக்கூடாது. எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றவேண்டும். பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது.

எல்லா வேலையும் எந்திரத்துக்கு அல்ல

வரப்பில் களைக்கொல்லி தெளித்தால் வேரும் சாகும். மழையில் வரப்புக் கரையும். எந்திரத்தால் வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டிய புல் தென்னைக்கு மூடாக்காகவும் ஆகும். இவை எந்திரத்தின் நன்மைகள்.

ஆனால் கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு. மேலே வெட்டினால் மறுபடி முளைக்கும். பார்த்தீனியம் பூத்த பிறகு எந்திரத்தை விட்டால் விதை தோட்டமெங்கும் சிதறும். அதன் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே முறை. மா, கொய்யா, எலுமிச்சை இளங்கன்றுகளின் அடிப்பட்டையை நைலான் நரம்பு சுற்றி உரித்துவிட்டால் கன்று காய்ந்துபோகும். கன்றைச் சுற்றி ஓரடிக்குக் கைக்களையே ஏற்றது. சொட்டுநீர்க் குழாய் உள்ள வரிசையிலும் அப்படியே. நரம்புத் துணுக்கு கலந்த புல்லை மாட்டுக்குப் போடக்கூடாது. தீவனத்துக்கு வேண்டிய புல்லை அரிவாளால் அறுப்பதே நல்லது.

கூலியாளின் கண்ணும் கண்தான்

நில உடைமையாளர் எந்திரத்தை வாங்குகிறார். அதை இயக்குபவர் பெரும்பாலும் கூலிக்கு வருபவர். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விரைவாக முடிக்கச் சொன்னால், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவார். இந்த எந்திரங்களின் ஓசை 100 டெசிபெல்லை எட்டுவது உண்டு. 85 டெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்றும் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 100 டெசிபெல்லைக் காதுக் காப்பு இன்றித் தாங்கும் நேரம் கால் மணி மட்டுமே. நாள் முழுதும் அதிரும் கைப்பிடியைப் பற்றியிருப்போருக்கு விரல் மரத்து வெளுக்கும் நோயும் வரும். காதுக் காப்பு, தடித்த கையுறை, முழங்கால் வரை காப்பு, கால்விரலை மூடும் பூட்ஸ் ஆகியவற்றை வேலை தருபவரே தரவேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஓய்வும் தரவேண்டும். பூட்ஸ் போட்டால் உயர்ந்த புல்லில் பாம்புக் கடியிலிருந்தும் கால் தப்பும்.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2014-15 முதல் செயல்பட்டுவந்த வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கம் சிறு, குறு விவசாயிகளுக்குக் கருவி விலையில் பாதி வரை மானியம் அளித்துள்ளது. நடப்பு ஆண்டில் எந்த மாதிரிக்கு எவ்வளவு மானியம் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். மானியத்தில் கொடுக்கும் ஒவ்வொரு புல் வெட்டும் எந்திரத்துடனும் கண்ணாடி, முகத்திரை, காதுக் காப்பு, கால் காப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று விதி செய்வது நியாயம். தமிழில் அச்சிட்ட கையேடும், ஒரு நாள் செய்முறைப் பயிற்சியும் அதோடு சேரவேண்டும். இவை இல்லாமல் எந்திரத்தை மட்டும் வழங்குவது, யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்தை மறுப்பதற்கு ஒப்பாகும்.

கூட்டாக வாங்குவது மேல்

இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இந்த எந்திரம் ஆண்டில் பத்துப் பதினைந்து நாட்களுக்கு மேல் தேவைப்படாது. மற்ற நாட்களில் அது மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். ஒன்பதாயிரம் ரூபாயில் ஆளுக்கொரு மலிவு எந்திரம் வாங்குவதைவிட, அண்டை நிலத்தார் நால்வர் சேர்ந்து இருபத்துநாலாயிரம் ரூபாயில் தரமான ஒன்றை வாங்கினால் பங்குக்கு ஆறாயிரம்தான் ஆகும். காப்புக் கருவிகளுக்கு இன்னும் ஓராயிரம் போட்டாலும் மிச்சமே. பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய பாகம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் முதல் 10 மணியிலும், பிறகு 50 மணிக்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்றவேண்டும். நோட்டு இல்லாவிட்டால் இது யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்த மழைக்குப் பின் புல் உயருமுன் இந்தப் பேச்சை அண்டை வயல்காரரிடம் தொடங்கலாம். ஏற்கெனவே எந்திரம் வைத்திருப்பவர்கள், கழற்றிப் போட்ட காப்புத் தகட்டைத் தேடியெடுத்து இன்றே பூட்டவேண்டும். தகடு தொலைந்திருந்தால் புதியது வாங்கிப் பூட்டும் வரை எந்திரத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.